நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு நோட்டீஸ் எழுதுங்கள்: கம்பஸ் வாகனப் பாக்கிங் கடமைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கம்பஸில் செக்கியூரிட்டி வேலைக்குச் சேர்ந்தால் முதல் கிழமை கேட்டில் நிறுத்துவார்கள். இரண்டாம் கிழமை ஒருவர் வந்து, ஒரு விசிலையும் ஒரு கொப்பியையும் கையில் தந்து, "நீ போய் பாக்கிங்கைப் பார்" என்பார். பயிற்சி அத்தோடு சரி. எனக்கும் அப்படித்தான், அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஏச்சு வாங்கிப் படித்தது. வந்தாறுமூலையோ, கல்லடியோ, ஒலுவிலோ, சம்மாந்துறையோ, கிழக்கிலங்கையில் உங்களை எந்த வளாகத்தில் போட்டாலும் வெயிலும் மணலும் ஆட்களும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் நாள் பிழையாக விட்ட வாகனத்துக்கு ஒரு நோட்டீஸும் எழுத வேண்டாம், சும்மா நடங்கள். காலை எட்டு மணிக்கு ஒரு சுற்று, பகல் ஒன்றரைக்கு ஒரு சுற்று, பின்னேரம் நாலுக்கு ஒரு சுற்று. ஒரே இடத்தை ஏன் மூன்று தடவை பார்க்க வேண்டும் என்றால், நம்முடைய பக்கத்தில் வாகனம் நிற்கும் இடத்தை முடிவு செய்வது போர்டு கிடையாது, நிழல்தான். காலையில் வெயில் கிழக்கே, அதனால் கட்டிடங்களின் மேற்குப் பக்கத்தில் பைக்குகள் வரிசையாக நிற்கும். சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறவர்கள், காலையில் விட்ட இடம் கொதிப்பதைப் பார்த்து, கிழக்குப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அந்தக் கிழக்குப் பக்கம் அம்புலன்ஸ் போகும் பாதையாக இருந்தால், தினமும் ஒன்றரை மணிக்கு உங்களுக்குத் தலையிடி தொடங்கும், அது மாணவர்களின் திமிர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். திமிரும் கொஞ்சம் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் முக்கால்வாசி வெயிலில் கொதித்த பைக் சீற்றின் சூடு. ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நேர் உச்சியில் வரும் நாட்களில் நடுப்பகலில் எந்தச் சுவருக்கும் நிழல் இராது, அப்போது எல்லாரும் மரத்தடிக்கு ஓடுவார்கள்; நல்லவேளை புத்தாண்டு லீவு அதோடு வந்து பாதிக் கூட்டத்தைக் குறைத்துவிடும்.

ஆகவே கொப்பியின் முதல் பக்கத்தில் வளாகத்தின் படத்தைக் கோணல்மாணலாகவாவது கீறி, காலை நிழல் எங்கே, மாலை நிழல் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். தரிப்பிடம் என்று போர்டு நட்ட இடம் வெட்டவெளியாக இருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், கட்டிடம் கட்டியவர்கள் மிச்சம் கிடந்த காணியைத்தான் அதற்கு ஒதுக்குவார்கள்), அதை உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் சொல்லுங்கள். பின்னேரத்துக்கு வேறு வரிசை திறக்க முடியுமா, நிழல்வலை கட்டித் தருவார்களா, ஒரு வேம்பாவது நடுவார்களா என்று கேளுங்கள். நடக்குமோ நடக்காதோ, கேட்டது பதிவில் இருக்கட்டும்.

தென்னைக்குக் கீழே மட்டும் யாரையும் விட வைக்காதீர்கள், அது நிழல் கணக்கில் சேராது. தேங்காய்க்குக் கண் இருக்கிறது, தலையில் விழாது என்று நம்மவர்கள் சொல்வார்கள். கார் கண்ணாடியைப் பற்றி யாரும் அப்படி உறுதி தந்ததாகத் தெரியவில்லை. காய்ந்த ஓலை விழுந்தாலே பைக்கின் கண்ணாடி இரண்டும் போய்விடும்.

அடுத்தது, உங்கள் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பது. நீங்கள் பொலிஸ் இல்லை. வீதியில் பொலிஸ்காரர் எழுதித் தரும் தண்டச் சீட்டு 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருவது. நம்மிடம் இருப்பது வளாகத்தின் உள்விதி. அதை நிர்வாகம் ஆக்குகிறது, நாம் நடைமுறைப்படுத்துகிறோம். அதனால் நீங்கள் மறிக்கலாம், சொல்லலாம், எழுதலாம், மேலிடத்துக்கு அறிவிக்கலாம், எழுத்தில் உத்தரவு இருந்தால் கேட்டில் உள்ளே விடாமலும் இருக்கலாம். சாவியைப் பறிக்க முடியாது, லைசன்ஸை வாங்கி வைக்க முடியாது, காசு வாங்கவே கூடாது, தேத்தண்ணிக்கு என்று தந்தாலும். கேட்டுக்கு வெளியே மெயின் ரோட்டில் நிற்கும் வாகனம் நம்முடைய பாடு இல்லை. அது பொலிஸின் பாடு, போன் பண்ணிச் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.

உள்விதியின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி மடித்து சட்டைப் பைக்குள் வையுங்கள். "அப்படி எங்க எழுதிக் கிடக்கு?" என்று கேட்கிறவர் நிச்சயம் வருவார், அநேகமாக முதல் கிழமையிலேயே.

விதிகள் பத்து இருக்கலாம், ஆனால் எல்லாம் ஒரே எடை இல்லை. அம்புலன்ஸ் பாதை, தீயணைப்பு வாகனம் திரும்பும் இடம், சக்கர நாற்காலி ஏறும் சரிவு, ஜெனரேட்டர் அறை வாசல், இந்த நாலிலும் விட்டுக்கொடுப்பு கிடையாது, உபவேந்தரின் வாகனமாக இருந்தாலும். மற்றவற்றில் கொஞ்சம் முன்னே பின்னே பார்க்கலாம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் ஒரு சம்பவம். பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு பகல், மண்டபத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள். அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடித்தார்கள், வண்டி வந்தது, கேட்டால் நுழைந்தது, கட்டிடத்து மூலையில் திரும்ப முடியவில்லை. அந்த மூலையில் நாலு பைக், ஒரு கார். பைக்குகளை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கி ஓரத்தில் வைத்தோம். காரை என்ன செய்வது? கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, உரிமையாளர் எங்கோ கூட்டத்தில், போன் சைலண்ட். கடைசியில் ஸ்ட்ரெச்சரை அந்த வெயிலில் ஐம்பது அறுபது மீற்றர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிள்ளையின் முகத்துக்கு மேலே ஒருத்தி பரீட்சைத் தாளைப் பிடித்து நிழல் கொடுத்தபடி ஓடி வந்தாள். பிள்ளைக்குப் பிறகு சுகம்தான். ஆனால் அந்த மூலையில் காலையில் அந்தக் காரைக் கண்டும், "பெரிய ஆள், நமக்கேன்" என்று பேசாமல் போனது நான்தான். வந்தாறுமூலை மட்டக்களப்பு நகரத்திலிருந்து சுமார் 16 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் ஓடி வருகிற வண்டியைக் கடைசி மூலையில் நிறுத்தி வைக்கக் கூடாது.

சரி, இனி ஆட்களிடம் பேசுவது.

விசிலைக் கூடியவரை ஊதாதீர்கள். விசில் சத்தம் கேட்டால் மாடுகூடத் திரும்பிப் பார்க்காது, நம்முடைய வளாகங்களில் மாடுகளும் தாராளமாக வந்து போகும் என்பதால் நானே சோதித்துப் பார்த்தது. பக்கத்தில் போங்கள், முறை சொல்லிக் கூப்பிடுங்கள். "தம்பி, இஞ்ச வெக்க ஏலாது மனே, அம்புலன்ஸ் வாற வழி. அந்த வாகைக்குக் கீழ இடம் கிடக்கு, அங்க கொண்டு விடுங்க." இதில் மூன்று விஷயம் இருக்கிறது: கூடாது என்பது, ஏன் என்பது, வேறு இடம் எங்கே என்பது. மூன்றாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்கிறவரோடுதான் சண்டை வரும். முஸ்லிம் பெடியன்கள் உங்களை "காக்கா", அதாவது அண்ணன், என்று கூப்பிடத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்களப் பிள்ளைகளும் நிறையப் பேர் படிக்கிறார்கள், தெற்கிலிருந்து வந்து முதல் வருடம் தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல் நிற்பார்கள். "மல்லி, மெத்தன தியன்ன எபா, அத்தன தியன்ன" என்று இரண்டு வரி பாடமாக்கி வைத்துக்கொண்டால் போதும். தம்பி, இங்கே வைக்காதே, அங்கே வை என்பதுதான் அது. உச்சரிப்புக்குச் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே எடுத்து வைப்பார்கள்.

விரிவுரையாளர்களிடம் சொல்வதுதான் புதியவர்களுக்குத் தொண்டை அடைக்கிற இடம். வழி இருக்கிறது: மாணவர்கள் பார்க்கும்படி சொல்லாதீர்கள். காரிலிருந்து இறங்கி நாலடி வைத்த பிறகு, கூடவே நடந்து, தணிந்த குரலில், "சேர், அந்த மூலையில அம்புலன்ஸ் திரும்ப ஏலாமப் போகுது, கொஞ்சம் முன்னுக்கு எடுத்து விடுவீங்களா" என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் உடனே திரும்பிப் போய் எடுப்பார்கள். ஒருவர் "இந்தா சாவி, நீயே எடுத்து விடு" என்பார். வாங்காதீர்கள். நீங்கள் நல்லாக ஓட்டுவீர்கள் என்றாலும் வாங்காதீர்கள். பழைய கீறல் எல்லாம் அன்றைக்கு உங்கள் கணக்கில் வந்து சேரும். மிச்ச ஒருவர் உங்களுடைய பெயரைக் கேட்பார். பெயரையும் இலக்கத்தையும் மரியாதையாகச் சொல்லிவிட்டு, நடந்ததைக் கொப்பியில் எழுதுங்கள். தோட்ட வேலை செய்கிற அண்ணனின் சைக்கிளுக்கு ஒரு விதி, பீடாதிபதியின் ஜீப்புக்கு ஒரு விதி என்று இருந்தால் மாணவர் ஒன்றியம் அதைப் படமெடுத்து ஒரு மணி நேரத்தில் எல்லாருடைய வட்சப்பிலும் போட்டுவிடும், அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் பிள்ளையிடமும் வாய் திறக்க முடியாது.

நோட்டீஸ் எழுதும் முறை. முதல் தடவை வாயால் சொல்வது, இரண்டாம் தடவை நோட்டீஸ், மூன்றாம் தடவை அறிக்கை. உங்கள் வளாகத்தில் வேறு ஒழுங்கு இருந்தால் அதன்படி. கார்பன் வைத்து எழுதுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். திகதி, நேரம், இடம், வாகன இலக்கம், எந்த விதி, உங்கள் கையெழுத்து. இடத்தை "நூலகத்துக்குப் பக்கத்தில்" என்று எழுதினால் போதாது. "நூலகத்தின் வடக்குப் படிக்கட்டுக்கு முன், மஞ்சள் கோட்டின் மேல்" என்று எழுதுங்கள். போனில் படம் எடுக்கும்போது இலக்கத் தகடும் மஞ்சள் கோடும் ஒரே படத்துக்குள் வர வேண்டும். தகட்டை மட்டும் கிட்டப்போய் எடுத்தால், "அது வேற இடத்தில எடுத்த படம்" என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். படத்தை எடுத்தவுடன் அதிகாரிக்கு அனுப்புங்கள், வேறு எந்தக் குறூப்பிலும் போடாதீர்கள்.

வாகன இலக்கத்தை முழுதாக எழுத வேண்டும். புதியவர்கள் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் எழுதுவார்கள், நானும் எழுதினேன், ஒரே நாலு இலக்கத்தில் இரண்டு பைக் இருந்தது, தப்பே செய்யாத பிள்ளையிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போய்விட்டது. தகடுகள் பலவிதம்: நடுவில் சிங்கள எழுத்தில் ஸ்ரீ போட்ட பழையவை இன்னும் ஒன்றிரண்டு ஓடுகின்றன, அதற்குப் பிறகு வந்த வெறும் இலக்கத் தகடுகள், பிறகு ஆங்கில எழுத்துத் தகடுகள். கிழக்கு மாகாணத்தில் பதிந்தவற்றில் ஈபி என்று சின்னதாக இருக்கும். 2023 தொடக்கம் புதிய தகடுகளில் மாகாண எழுத்து இல்லை, அதனால் அது இல்லாத தகட்டைக் கண்டு போலி என்று மறிக்க வேண்டாம். மூன்று எழுத்துத் தகடுகளில் பைக் என்றால் பி, கார் என்றால் சி, ஆட்டோ என்றால் ஏ என்று தொடங்கும். சேறு பூசிய தகட்டில் முதல் எழுத்து தெரியாவிட்டாலும் ஊகிக்க உதவும்.

நோட்டீஸைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். முன்கண்ணாடியில் ஒட்டிய தாள் நம்முடைய வெயிலில் இரண்டு மணி நேரத்தில் கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடும், பிறகு பிளேட்டால் சுரண்டினால் கீறல், அந்தக் கீறலுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. காருக்கு வைப்பருக்குக் கீழே செருகுங்கள். பைக்குக்கு கிளட்ச் பிடியில் இறப்பர் வளையம் போட்டு மாட்டுங்கள், ஏறும்போது கையில் தட்டுப்படும். ஒரு பெட்டி இறப்பர் வளையம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தவணைக்குக் காணும்.

காற்றைத் திறந்து விடுவது என்று ஒரு பழைய தண்டனை உண்டு. "ரெண்டு வீலையும் இறக்கி விடு, நாளைக்கு வரமாட்டான்" என்று மூத்தவர்களே சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள். நான் கடமையில் இருந்த காலத்தில் ஒருவர் அப்படிச் செய்தார். அது ஒரு ஸ்கூட்டி. அந்தத் தங்கச்சி பகல் ஒரு மணிக்கு, கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற ஆடி மாதத்தில், அதைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனாள். கறுப்புக் குடை ஒரு கையில், ஹேண்டில் மறு கையில். குடை மறுபக்கம் திரும்பிக்கொண்டது. அவள் நிற்கவும் இல்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. அவள் வைத்த இடம் பிழைதான், அதில் மாற்றமில்லை, ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தப் பீடத்துப் பிள்ளைகள் ஒரு வருடத்துக்கு எங்களிடம் ஒரு சொல் பேசவில்லை. ஹெல்மெட் திருட்டு நடந்து விசாரித்தபோதுகூட "நாங்க ஒண்டும் காணல்ல" என்றார்கள். கண்ணாடியைத் திருப்பி வைப்பது, பிளக் கேபிளைக் கழற்றுவது, சங்கிலி போட்டுப் பூட்டுவது எல்லாம் இந்த வகைதான். சங்கிலி போட நிர்வாகம் எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும், அதுவும் நோட்டீஸில் யாரிடம் வந்தால் திறந்து தருவார்கள் என்று எழுதிவிட்டு.

மணலைப் பற்றி ஒரு பந்தி. சைட் ஸ்டாண்ட் மணலில் மெல்ல மெல்லப் புதையும், காலையில் நேராக நின்ற பைக் பத்து மணிக்குச் சாயத் தொடங்கும், ஒன்று சாய்ந்தால் வரிசை முழுவதும் போகும். பதினொரு பைக் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததைப் பார்த்திருக்கிறேன், பெற்றோல் சொட்டும் வாசம், நடுவில் ஒரு ஹோர்ன் மட்டும் நிற்காமல் அலறிக்கொண்டு. எல்லாரும் ஓடி வந்து முதலாவது பைக்காரனைத் தேடினார்கள். இதற்குச் செலவில்லாத வைத்தியம், சிரட்டை. கன்டீனில் கேட்டால் ஒரு சாக்குத் தருவார்கள். கவிழ்த்து வைத்து அதன்மேல் ஸ்டாண்டை ஊன்றினால் புதையாது. உடைந்த தரை ஓடு இருந்தால் இன்னும் நல்லது. வரிசையின் இரண்டு பக்கத்திலும் ஒரு சிரட்டைக் குவியல் வைத்துவிட்டால் பிள்ளைகளே எடுத்துப் போடுவார்கள், அதோடு வரிசையும் தானாக நேராகும், ஏனென்றால் சிரட்டை கிடக்கும் இடத்தில்தான் நிறுத்துவார்கள். மஞ்சள் பெயின்ற் செய்யாத வேலையைச் சிரட்டை செய்தது. கார் ஒன்றுக்கு 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் கணக்கு. பைக்குக்கு ஒரு மீற்றருக்கு இரண்டு மீற்றர் தாராளம். பைக் வரிசைக்குள் ஒரு கார் குறுக்கே நின்றால் நாலைந்து பைக்கின் இடம் போகும், அந்த நாலைந்தும் பாதைக்குத்தான் வரும்.

மாரி தொடங்கிவிட்டால், அதாவது கார்த்திகை மார்கழியில், மேலே சொன்னதில் பாதியை மறந்துவிடலாம். தாழ்ந்த தரிப்பிடங்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அங்கே விடு என்று சொல்லும் உங்களைப் பைத்தியம் என்பார்கள், சரியாகத்தான் சொல்வார்கள். மேட்டுப் பக்கங்களை முதலே பார்த்து வைத்து, அதிகாரியிடம் கேட்டுத் திறந்து விடுங்கள். அம்புலன்ஸ் பாதை முதலான அந்த நாலு இடத்தில் மட்டும் அப்போதும் விட்டுக்கொடுப்பு கிடையாது.

பட்டமளிப்பு நாளில் ஒரே வீட்டிலிருந்து வான் நிறைய ஆட்கள் வருவார்கள், அம்மம்மா வரைக்கும். அன்றைக்கு நோட்டீஸ் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கயிறும் கம்பும் கட்டி, வயதானவர்களை வாசலில் இறக்கிவிட்டு வானைத் திடலுக்கு அனுப்புவதுதான் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னும் பின்னும் அரை மணித்தியாலம் கேட்டில் ஒருவர் கூடுதலாக நிற்க வேண்டும், ஒலுவில் பக்கம் வேலை என்றால் இதை யாரும் சொல்லாமலே இரண்டாம் கிழமையில் கண்டுகொள்வீர்கள்.

கடமை முடிந்து அடுத்தவரிடம் கொப்பியைக் கொடுப்பதற்கு முன், உள்ளே நிற்கிற வாகனங்களின் இலக்கங்களை எழுதுங்கள். இரவில் ஒன்று காணாமல் போனால் அந்தப் பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும். ஒரே பைக் மூன்று நாள் அசையாமல் நின்றால் தனியாகக் குறியுங்கள். ஒரு கிழமை தாண்டினால் அதிகாரிக்கு அறிக்கை, அதில் ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் செஸி இலக்கமும், வருமான அனுமதிப்பத்திரம் மாட்டியிருந்தால் அதன் காலாவதித் திகதியும் வேண்டும். பொலிஸுக்கு அறிவிப்பதா இல்லையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அதுவரை கண்ணாடியையோ பற்றரியையோ யாரும் "சும்மாதானே கிடக்கு" என்று கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வளாகத்தில் அப்படி நின்ற ஒரு பழைய பஜாஜ், அறிக்கை மூன்று எழுதியும் நின்றுகொண்டே இருந்தது. சீற்றுக்குள் அணில் பஞ்சு சேர்த்துக் கூடு கட்டிவிட்டது. எட்டு மாதம் கழித்து, பட்டம் முடித்துப் போன ஒரு பெடியன் வந்து, "அண்ண, என்ட பைக் இஞ்சதான் நிக்கிதா?" என்று கேட்டான். கொப்பியைப் புரட்டி, முதல் எழுதிய திகதியைக் காட்டி, செஸி இலக்கத்தை அவனுடைய வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டேன்.